மனப்பாடம் குறைந்த செஸ் ஓபனிங்: ஒரே சிப்பாய் அமைப்பை இரண்டு நிறத்திலும் ஆடக் கற்பது எப்படி?

ஓபனிங் நூல் ஒன்றை வாங்கி இருபது நகர்வுகள் வரை மனப்பாடம் செய்துவிட்டுப் போட்டிக்குப் போகிறோம். எதிராளி நான்காவது நகர்விலேயே நூலில் இல்லாத ஒன்றை ஆடிவிடுகிறார். அது நல்ல நகர்வா, மோசமான நகர்வா என்றுகூடத் தெரியாமல் கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறோம். வார இறுதிப் போட்டிகளில் ஆடுபவர்களில் பெரும்பாலானோருக்கு இது பழக்கமான வேதனை. நினைவாற்றலைக் குறை சொல்லிப் பயனில்லை. ஓபனிங்கைத் தேர்ந்தெடுத்த முறைதான் தவறு.

இந்த வழிகாட்டி தொடக்க நிலையைத் தாண்டி, சுமார் 1600 ரேட்டிங் வரை உள்ளவர்களுக்கானது. நான் சொல்ல விரும்புவது இதுதான்: ஓபனிங்கை நகர்வுகளின் பட்டியலாகப் பார்க்காமல், அது உருவாக்கும் சிப்பாய் அமைப்பாகப் பாருங்கள். வெள்ளையில் ஆடும்போதும் கறுப்பில் ஆடும்போதும் ஒரே வகை அமைப்புகள் திரும்பத் திரும்ப வருமாறு ஓபனிங்குகளைச் சேர்த்தால், படிக்க வேண்டியது பாதியாகக் குறைந்துவிடும்.

காய்களை ராஜா, ராணி, யானை, மந்திரி, குதிரை, சிப்பாய் என்றே எழுதுகிறேன். மந்திரி என்பது குறுக்கே ஓடும் காய். கட்டங்களின் நெடுவரிசைகள் ஏ, பி, சி, டி, இ, எஃப், ஜி, எச். காயின் பெயர் இல்லாமல் கட்டம் மட்டும் இருந்தால் அது சிப்பாய் நகர்வு. எண்ணுக்குப் பின் மூன்று புள்ளி இருந்தால் கறுப்பின் நகர்வு. × என்றால் எடுப்பது. பலகையை எதிரில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு நகர்வையும் ஆடிப் பார்த்தபடி படியுங்கள்.

முதல் படி: தோற்ற ஆட்டங்களைப் பாருங்கள்

புதிய ஓபனிங் தேடுவதற்கு முன், அண்மையில் தோற்ற பத்து ஆட்டங்களை எடுத்து, எந்த நகர்வில் ஆட்டம் கைவிட்டுப் போனது என்று குறியுங்கள். பெரும்பாலானவற்றில் பதினைந்தாவது நகர்வுக்குப் பிறகு ஒரு குதிரையோ சிப்பாயோ கவனிக்காமல் பறிபோயிருக்கும். அப்படியானால் உங்களுக்குத் தேவை, பத்து நகர்வுகளுக்குள் காய்களை வெளியே கொண்டுவந்து, ராஜாவைக் கோட்டைக்குள் அனுப்பி (கேஸ்லிங்), அடுத்து என்ன செய்வது என்ற தெளிவைத் தரும் ஓபனிங். இருபத்தைந்து நகர்வு ஆழமுள்ள சிசிலியன் தற்காப்பின் (1. இ4 சி5) கிளைகள் அப்போதைக்கு வேண்டாம்.

இரண்டாம் படி: வெள்ளைக்கு லண்டன் முறை

1922ஆம் ஆண்டு லண்டனில் நடந்த போட்டியால் பெயர் பெற்றது இந்த முறை. தொடக்கநிலை ஆட்டக்காரர்களுக்கு மட்டுமே உரியது என்று இதை ஒதுக்கிவிடாதீர்கள். 2023இல் அஸ்தானாவில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பின் 6ஆவது ஆட்டத்தில் டிங் லிரென் இதை ஆடித்தான் நெப்போம்னியாச்சியை வென்றார். மறு ஆண்டு சிங்கப்பூரில் நம் குகேஷுக்கு எதிராகவும் அதே 6ஆவது ஆட்டத்தில் இதையே கையில் எடுத்தார். அது டிராவில் முடிந்தது.

அடிப்படை அமைப்பு இது: 1. டி4, 2. மந்திரி எஃப்4, 3. இ3. பிறகு சி3, குதிரை எஃப்3, இன்னொரு குதிரை டி2, மந்திரி டி3, தேவைப்படும்போது எச்3, ராஜா பக்கம் கோட்டை.

ஒவ்வொன்றுக்கும் காரணம் தெரிந்தால் வரிசை மறக்காது. இ3 ஆடிவிட்டால் கறுப்புக் கட்டத்து மந்திரி உள்ளேயே அடைபட்டுவிடும். அதனால் அது முதலில் வெளியே போகிறது. சி3 சிப்பாய் டி4ஐத் தாங்குகிறது. டி3 மந்திரி துரத்தப்பட்டால் சி2க்குப் பின்வாங்க இடமும் தருகிறது. டி2 குதிரை இ4 உந்தலுக்குத் துணை நிற்கிறது. டி3 மந்திரியின் பார்வை எச்7 சிப்பாய் மீது. எச்3 இருந்தால், எதிராளியின் குதிரை எச்5க்கு வந்து எஃப்4 மந்திரியைத் தாக்கும்போது அது எச்2வில் ஒதுங்கிக்கொள்ளும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ‘எதிராளி என்ன ஆடினாலும் இதே எட்டு நகர்வுகள்’ என்று சொல்லிக்கொடுப்பவர்களை நம்பாதீர்கள். லண்டனைக் கெடுப்பதே அந்தப் போதனைதான். எதிராளியைப் பார்த்து மாற்ற வேண்டிய இடங்கள் சில உண்டு. அவை குறைவு என்பதுதான் இந்த ஓபனிங்கின் சிறப்பு.

மூன்றாம் படி: மாற்றி ஆட வேண்டிய இடங்கள்

மிக முக்கியமானது பி2 சிப்பாய். சி1இல் இருந்த மந்திரிதான் அதைக் காத்துக்கொண்டிருந்தது. மந்திரி எஃப்4க்குப் போனவுடன் பி2 தனித்துவிடுகிறது. விவரம் தெரிந்த எதிராளி உடனே அதைத்தான் குறிவைப்பார்:

1. டி4 டி5 2. மந்திரி எஃப்4 சி5 3. இ3 குதிரை சி6 4. சி3 ராணி பி6.

பயப்பட வேண்டாம். 5. ராணி பி3 என்று நேருக்கு நேர் நில்லுங்கள். அவர் உங்கள் ராணியை எடுத்தால் ஏ2 சிப்பாயால் திரும்ப எடுக்கிறீர்கள். ஏ வரிசை உங்கள் யானைக்குத் திறக்கிறது. பொதுவாக அவர் 5... சி4 என்று உந்துவார். 6. ராணி சி2 என்று பின்வாங்குங்கள். இப்போது 6... மந்திரி எஃப்5 என்று ஒரு வலை விரிப்பார். காவலற்ற மந்திரி என்று நினைத்து எடுத்துவிட்டால், கறுப்பு ராணி பி2 சிப்பாயை எடுக்கும். மூலையில் அடைபட்டிருக்கும் ஏ1 யானைக்குத் தப்ப வழியில்லை. ஆகவே அமைதியாக 7. ராணி சி1. சற்று ஒடுங்கிய நிலைபோலத் தெரியும். ஆனால் சி4க்குப் போன கறுப்புச் சிப்பாய் உங்கள் டி4 மீதிருந்த அழுத்தத்தை விட்டுக்கொடுத்துவிட்டது. பி3 ஆடி அந்த டி5, சி4 சிப்பாய்ச் சங்கிலியை மெல்ல உடைக்கலாம். இந்த ஏழு நகர்வுகளைப் பலகையில் பலமுறை ஆடிப் பார்த்துவிடுங்கள். லண்டனில் நுணுக்கமாகத் தெரிந்திருக்க வேண்டிய வரிசை எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

அடுத்தது, எதிராளி உங்களைப் போலவே 2... மந்திரி எஃப்5 என்று ஆடுவது. இப்போது தனித்துவிட்டது அவருடைய பி7. சி3 என்று பழக்கத்தில் கை போக வேண்டாம். 3. இ3 இ6 4. சி4 ஆடி, பிறகு ராணியை பி3க்குக் கொண்டுவாருங்கள். உங்களுக்கு எதிராக எந்தக் கருத்து பயன்பட்டதோ, அதே கருத்து இப்போது உங்கள் கையில்.

கறுப்பு ஜி6 ஆடி மந்திரியை ஜி7இல் வைத்து, டி6 ஆடினால், உங்கள் டி3 மந்திரிக்கு அங்கே பெரிய வேலை இல்லை. எச்7க்கு முன்னால் ஜி6 சிப்பாய் நிற்கிறது. அதனால் மந்திரியை இ2வில் வையுங்கள். கறுப்பு இ5 உந்தப்போவது உறுதி என்பதால் எச்3ஐ முன்கூட்டியே ஆடிவிடுங்கள்.

கறுப்பு மந்திரியை டி6க்குக் கொண்டுவந்து மோதினால் பலரும் உடனே எடுத்துவிடுகிறார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. மந்திரியை ஜி3க்கு நகர்த்துங்கள். அவர் அங்கே வந்து எடுத்தால் எச்2 சிப்பாயால் திரும்ப எடுக்கலாம்; எச் வரிசை முழுவதும் உங்கள் யானைக்குத் திறந்துவிடும். அந்த வாய்ப்பு இருக்கும்வரை கோட்டை கட்ட அவசரப்பட வேண்டாம்.

முதல் நகர்விலேயே 1... சி5 வந்தால் லண்டனை மறந்துவிட்டு 2. டி5 என்று இடத்தைப் பிடியுங்கள்.

நான்காம் படி: அமைப்பு முடிந்த பிறகு என்ன?

எளிய ஓபனிங் ஆடுபவர்கள் திணறும் இடம் இதுதான். எட்டு நகர்வுகள் முடிகின்றன. அதன் பிறகு யானையை இங்கும் அங்கும் நகர்த்துகிறார்கள். லண்டனில் திட்டம் இரண்டே: குதிரையை இ5இல் நிறுத்தி எஃப்4 சிப்பாயால் அதற்கு முட்டுக்கொடுப்பது, அல்லது இ4 உந்தி மையத்தைத் திறப்பது. முதல் திட்டத்துக்கு முன், எஃப்4 கட்டத்தில் இருக்கும் மந்திரி ஜி3க்கோ எச்2வுக்கோ போயிருக்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

இரண்டாம் திட்டத்தில் இ4, பிறகு இ5 என்று சிப்பாய் முன்னேறி எஃப்6 குதிரையை விரட்டும்போது, எச்7 சிப்பாயைக் காப்பது ராஜா மட்டுமே. அப்போது டி3 மந்திரியை எச்7இல் பலி கொடுக்க முடியுமா என்று கணக்கிடுங்கள்: மந்திரி எச்7 செக், ராஜா எடுக்கிறது, குதிரை ஜி5 செக், ராஜா ஜி8, ராணி எச்5, அடுத்து எச்7இல் மேட். இது கைகூட, எஃப்3 குதிரை ஜி5க்கும் ராணி எச்5க்கும் தடையில்லாமல் போக வேண்டும். கறுப்பின் எந்தக் காயும் எஃப்6, எஃப்8, எஃப்5 போன்ற கட்டங்களிலிருந்து எச்7ஐக் காக்க வரக்கூடாது. குதிரையின் செக்குக்கு ராஜா ஜி8க்குப் போகாமல் ஜி6க்கு ஏறினால் என்ன செய்வது என்பதையும் பலி கொடுப்பதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும். பெல்ஜியத்தின் எட்கார்ட் கோல் 1930இல் நீஸ் நகரில் ஓ’ஹான்லனை வென்ற ஆட்டத்தில் இந்தப் பலியைப் பார்க்கலாம். அவர் பெயரிலேயே வழங்கும் கோல் முறை லண்டனுக்கு நெருங்கிய உறவு. மந்திரி சி1இலேயே இருக்கும் என்பதுதான் வேறுபாடு.

இனி இந்த வழிகாட்டியின் மையம். லண்டனில் கறுப்பு சி5 சிப்பாயால் டி4ஐ எடுத்து, நீங்கள் இ3 சிப்பாயால் திரும்ப எடுத்தால், பலகையில் ஓர் அமைப்பு வருகிறது: வெள்ளைக்கு டி4, சி3, இ சிப்பாய் இல்லை. கறுப்புக்கு டி5, இ6. சி சிப்பாய் இல்லை. வெள்ளைக்கு இ வரிசையும் இ5 கட்டமும் சொந்தம். கறுப்புக்கு சி வரிசை சொந்தம். இதை மனத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: இ4க்கு எதிராக கரோ-கான்

1. இ4 சி6 2. டி4 டி5. ஹொரேஷியோ கரோ, மார்கஸ் கான் இருவரும் 1886இல் ஆராய்ந்து வெளியிட்டதால் வந்த பெயர். பிரெஞ்சு தற்காப்பைப் (1. இ4 இ6) போல மையத்தில் மோதுகிறது. ஆனால் வெள்ளைக் கட்டத்து மந்திரியைச் சிறைவைப்பதில்லை.

கிளப் அளவில் அதிகம் சந்திப்பது 3. இ×டி5 சி×டி5 என்ற பரிமாற்றம். சிப்பாய்களைப் பாருங்கள்: வெள்ளைக்கு இ சிப்பாய் இல்லை, கறுப்புக்கு சி சிப்பாய் இல்லை. லண்டனில் பார்த்த அதே அமைப்பு. இப்போது நீங்கள் மறுபுறம் அமர்ந்திருக்கிறீர்கள். வெள்ளையின் இ5 குதிரையும் ராஜா பக்கத் தாக்குதலும் வரும் என்று உங்களுக்கு ஏற்கெனவே தெரியும், ஏனென்றால் நீங்களே அதை ஆடியிருக்கிறீர்கள். உங்கள் பதில் ராணி பக்கத்தில்: யானையை பி8இல் வைத்து, பி5, பி4 என்று சிப்பாயை உந்தி சி3இல் மோதவிடுவது. அது உடைந்தால் வெள்ளைக்கு சி வரிசையில் பலவீனமான ஒரு சிப்பாய் மிஞ்சும். அதை ஆட்டம் முடியும்வரை குறிவைக்கலாம்.

இந்த அமைப்பைப் புரிந்துகொள்ள ஒரே ஓர் ஆட்டத்தைப் படிக்க நேரம் இருந்தால், 1970இல் பெல்கிரேடில் சோவியத் யூனியனுக்கும் உலக அணிக்கும் நடந்த மோதலில் ஃபிஷர் பெட்ரோசியனை வென்ற ஆட்டத்தைப் படியுங்கள். கரோ-கான் பரிமாற்றம், வெள்ளைக்கு மந்திரி டி3, சி3, மந்திரி எஃப்4, அதாவது அப்படியே லண்டனின் அடுக்கு. பெட்ரோசியனின் குதிரை எச்5க்கு வந்து எஃப்4 மந்திரியைத் துரத்துகிறது. ஃபிஷர் அதை இ3க்கு இழுத்துக்கொண்டு, 15ஆவது நகர்வில் குதிரையை இ5இல் அமர்த்தி, 18ஆவது நகர்வில் எஃப்4 ஆடி முட்டுக்கொடுக்கிறார். நீங்கள் லண்டனில் ஆட வேண்டிய திட்டம் முழுவதும் அந்த ஆட்டத்தில் இருக்கிறது. கறுப்பில் எதைத் தடுக்க வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது.

3. இ5 என்று வெள்ளை முன்னேறினால் 3... மந்திரி எஃப்5. இங்கே ஒரே ஓர் ஆபத்து: 4. எச்4. பழக்கத்தில் 4... இ6 ஆடிவிட்டால் 5. ஜி4 மந்திரி இ4 6. எஃப்3 மந்திரி ஜி6 7. எச்5, மந்திரி போயே போய்விட்டது. எனவே எச்4க்கு எச்5 என்பதே உங்கள் பதில். மற்ற வேளைகளில் இ6, குதிரை டி7, பிறகு சி5 என்று டி4ஐ அடியிலிருந்து தாக்குங்கள். மந்திரி வெளியே இருக்கிறது. இ6 ஆடுவதில் இழப்பே இல்லை.

3. குதிரை சி3 வந்தால் 3... டி×இ4 4. குதிரை×இ4 மந்திரி எஃப்5 5. குதிரை ஜி3 மந்திரி ஜி6. வெள்ளை எச்4 ஆடினால் எச்6 ஆடி மந்திரிக்கு எச்7 கதவைத் திறந்துவையுங்கள். ராணிப் பக்கக் குதிரையை முதலில் டி7க்குக் கொண்டுவாருங்கள். அது வெள்ளைக் குதிரை இ5க்கு வருவதைத் தடுக்கும். பிறகு இ6, மற்றக் குதிரை எஃப்6, கோட்டை, தக்க நேரத்தில் சி5.

வெள்ளை டி4 ஆடாமல் இரண்டு குதிரைகளையும் வெளியே கொண்டுவந்தால் (2. குதிரை சி3 டி5 3. குதிரை எஃப்3) மந்திரியை ஜி4க்கு அனுப்பி எஃப்3 குதிரையைக் கட்டுங்கள். மேலே சொன்ன வழியை இங்கே அப்படியே ஆடினால் வெள்ளை எச்4, குதிரை இ5, ராணி எச்5 என்று வந்து உங்களை நெருக்கிவிடும். ஒரே மாதிரித் தெரியும் இரண்டு நிலைகள் எப்படி வேறுபடுகின்றன என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை.

ஆறாம் படி: டி4க்கு எதிராக ஸ்லாவ்

1. டி4 டி5 2. சி4 சி6. மீண்டும் சி6, டி5. 3. குதிரை எஃப்3 குதிரை எஃப்6 4. குதிரை சி3 என்ற நிலையில் கரோ-கான் பழக்கத்தில் மந்திரியை எஃப்5க்கு அனுப்பிவிடாதீர்கள்: 5. சி×டி5 சி×டி5 6. ராணி பி3. பி7உம் டி5உம் ஒரே சமயத்தில் தாக்கப்படுகின்றன. லண்டனில் படித்த அந்தத் தனித்த பி சிப்பாய்தான் இங்கும்.

தியரி (மனப்பாடம் செய்ய வேண்டிய வரிசைகள்) குறைவாக வேண்டும் என்பவர்களுக்கு என் பரிந்துரை 4... ஏ6. மால்டோவாவின் செபானென்கோ பெயரால் வழங்கும் இந்தச் சிறு நகர்வு பி5 உந்தலுக்கு வழி செய்கிறது, 5. இ3 மந்திரி எஃப்5 6. ராணி பி3 என்று வந்தால் யானை ஏ7 என்று ஏறி பி7ஐக் காத்துக்கொள்ளும். வெள்ளை சி3க்குக் குதிரையைக் கொண்டுவருவதற்கு முன்பே இ3 ஆடிவிட்டால் மந்திரி தாராளமாக எஃப்5க்குப் போகலாம். எதிராளி லண்டன் ஆடினாலோ, உங்களுக்கு இரு பக்கமும் தெரியும்: சி5, குதிரை சி6, ராணி பி6.

நான் ஒதுக்கியவை

எளிது என்று சொல்லப்படும் எல்லாவற்றையும் பரிந்துரைக்க மாட்டேன். 1. பி3 நெகிழ்வான ஓபனிங்தான். ஆனால் அதே 1970 பெல்கிரேட் மோதலில் பென்ட் லார்சன் இதை ஆடி ஸ்பாஸ்கியிடம் 17 நகர்வுகளில் தோற்றார். கறுப்பின் இ5 சிப்பாய் இ4க்கு வந்து குதிரையை விரட்ட, அந்தக் குதிரை மேலும் இரண்டு நகர்வுகளைச் செலவழிக்க, வெள்ளை ராஜா மையத்திலேயே நின்றுவிட்டது. 14ஆவது நகர்வில் ஸ்பாஸ்கி யானையை எச்1இல் பலி கொடுத்து முடித்தார். மையத்தை விட்டுக்கொடுக்கும் ஓபனிங்குகளில் நேரத்தை வீணாக்க இடமே இல்லை. அந்த நுட்பம் நமக்குக் கைவர வெகுகாலம் ஆகும். காய்கள் அனைத்தையும் மூன்றாம் வரிசைக்குள் அடுக்கும் ஹிப்போபொட்டமஸ் முறையும் அப்படித்தான். ஸ்பாஸ்கி 1966 உலக சாம்பியன்ஷிப்பில் பெட்ரோசியனுக்கு எதிராக அதை இருமுறை ஆடி டிரா செய்தார் என்பது உண்மை. ஆனால் நெருக்கடியில் பொறுமையாகக் காத்திருந்து ஆடும் அவருடைய திறமை நமக்குக் கிடையாது.

இ4 ஆடியே தீர வேண்டும் என்பவர்கள் கிங்ஸ் இந்தியன் அட்டாக் முறையைப் பார்க்கலாம்: டி3, குதிரை டி2, ஜி3, மந்திரி ஜி2, குதிரை எஃப்3, கோட்டை, பிறகு இ5. கறுப்பு இ6 ஆடும்போது இது கூர்மையானது. ஃபிஷர் 1967இல் சூஸ் நகரில் மியாக்மார்சுரேனை வென்ற ஆட்டம் எச்7இல் ராணியைப் பலி கொடுத்து முடிகிறது.

ஏழாம் படி: பயிற்சி

பத்து நிமிடத்துக்குக் குறைந்த ஆட்டங்களில் புதிய ஓபனிங்கைப் பழகாதீர்கள்; திட்டத்தை யோசிக்கவே நேரம் இருக்காது. பதினைந்து நிமிடமும் நகர்வுக்குப் பத்து வினாடி கூடுதலும் நல்ல அளவு. முழுவதும் இலவசமான லிசெஸ் தளத்தில் ஓபனிங் எக்ஸ்ப்ளோரர் உண்டு. அதில் கிராண்ட்மாஸ்டர்களின் ஆட்டங்களை விட்டுவிட்டு, உங்கள் ரேட்டிங் அளவில் உள்ளவர்கள் என்ன ஆடுகிறார்கள் என்று வடிகட்டிப் பாருங்கள். நூல்கள் பக்கம் பக்கமாக விவரிக்கும் கிளைகள் உங்கள் பலகைக்கு வருவதே அரிது என்று அப்போது புரியும்.

ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் கணினியைத் திறப்பதற்கு முன், நோட்டுப் புத்தகத்தில் மூன்று விஷயங்களை எழுதுங்கள்: எந்த நகர்வில் நீங்கள் படித்ததை விட்டு விலகினீர்கள், அப்போது சிப்பாய் அமைப்பு எப்படி இருந்தது, எந்தச் சிப்பாயை உந்த நினைத்தீர்கள். அதன் பிறகே கணினி சொல்வதைக் கேளுங்கள். மதிப்பீட்டு எண்ணில் சிறு வேறுபாட்டுக்காக ஓபனிங்கை மாற்றுவது வீண். தொடர்ந்து ஒரே இடத்தில் இடறினால் மட்டும், அந்த இடத்துக்கு ஒரு நகர்வைப் புதிதாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

லண்டன் கைக்கு வந்துவிட்டது, இனி கொஞ்சம் விரிவாக ஆடலாம் என்று தோன்றும்போது, 1. டி4 டி5க்குப் பிறகு 2. சி4 ஆடத் தொடங்குங்கள். 2... இ6 3. குதிரை சி3 குதிரை எஃப்6 4. சி×டி5 இ×டி5 என்ற பரிமாற்றத்தில் சி சிப்பாய் இல்லாதவர் இப்போது நீங்கள். இ சிப்பாய் இல்லாதவர் எதிராளி. கரோ-கானில் கறுப்பாக ஆடிய பி5, பி4 திட்டத்தை அப்படியே வெள்ளையில் பி4, பி5 என்று ஆடலாம்.